ஜண்டாவுக்குள் எட்டுப் பேர்

மலையோரத்தில் இப்போது சிமெண்டுத் தூண் நடுகிறார்களாம். லாரியில் வந்து இறங்குகிறது, குழி தோண்டி நிறுத்துகிறார்கள், வேலை முடிந்தது. போன மாதம் காட்டு இலாகா எல்லை சர்வேப் பிள்ளைகள் இரண்டு பேர் தக்கலையில் என் வீட்டுக்கு வந்தார்கள். பழைய ஜண்டாக்களை எப்படிக் கட்டினீர்கள், ஆபீசில் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை என்றார்கள். சொன்னேன். காப்பி குடித்துவிட்டுப் போகும்போது அதில் ஒருவன், "சும்மா கல்லுக் குமியல்தானே பாட்டா, இதுக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்டான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் வயதில் நானும் கல்லைக் கல்லாகத்தான் பார்த்தேன். அப்படிப் பார்த்ததால் ஒரு காரியம் செய்தேன். அதை அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில், திருவிதாங்கூர்க் காட்டு எல்லை சர்வேயில் சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தேன். முதல் நான்கைந்து வருஷத்தில் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கவும் வாயை இறுக்கி மூடவும் கற்றுக்கொண்டேன். இரண்டாவதுதான் கஷ்டம். பிறகு ஜண்டா மேஸ்திரி ஆனேன். ஜண்டா என்றால் எல்லைக் கல்மேடு. சர்க்கார் காடு எங்கே தொடங்குகிறது என்று காட்ட, மலை முழுக்க இத்தனை தூரத்துக்கு ஒன்று என்று கட்டிக்கொண்டே போவோம். என் கீழ் நாலு கூலியாட்களும், கல்கொத்தத் தெரிந்த தங்கையனும் இருந்தார்கள்.

பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றைப் பிடித்து முதல் தடவை மலையேறிய நாளை நான் மறக்கவில்லை. ஊரில் நின்று பார்த்தால் மலை நீலமாக, அடக்கமாக இருக்கும். உள்ளே போனால்தான் அதன் உருவம் தெரியும். ஈற்றை மூங்கில் காட்டுக்குள் பத்தடி தள்ளி யானை நின்றால்கூடத் தெரியாது, அதன் வயிற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். கால் விரலிடுக்கில் அட்டை ஏறும். புகையிலையும் உப்பும் கட்டிய துணியால் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் மரத்தின் முடிவு தெரியாது. மூன்று நாள் அப்படி நடந்து நாலாம் நாள் உச்சிப் புல்மேட்டில் ஏறினோம். காற்று ஆளைத் தள்ளியது. பாறை விளிம்பில் வரையாடுகள் நின்று எங்களைப் பார்த்தன. தெற்கே கண் போகிற வரைக்கும் மலைமேல் மலை, அதற்கும் அப்பால் வெள்ளியாகக் கடல். என்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டேன். வேதக்கோவிலில்கூட எனக்கு அவ்வளவு பயபக்தி வந்ததில்லை என்று சொன்னால் எங்கள் போதகர் வருத்தப்படுவார், ஆனாலும் உண்மை அதுதான்.

அன்று நான் நினைத்தது, இது மனிதன் கைபடாத இடம், நாங்கள்தான் முதலில் வந்திருக்கிறோம் என்று. எங்களுக்கு வழிவெட்டிக் கூட்டிப்போன காணிக்காரர்கள், அந்த மலையின் பூர்வகுடிகள், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் சர்வேக்கு மேலாள் கேசவன் நாயர். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. நடக்கிற வழி எவ்வளவு சேறாக இருந்தாலும், அளவுப் புத்தகத்தைத் திறக்கும் முன்பு கைகழுவித் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். காம்பஸைப் பார்த்து அவரே ஒரு எண் சொல்வார், நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் எழுதுவார். சங்கிலியை ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை பிடிப்போம். இரண்டும் ஒரு கண்ணி வித்தியாசப்பட்டால் மூன்றாவது தடவை. புத்தகத்தில் ரப்பர் போடக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. தப்பாக எழுதினால் அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் கையெழுத்திடுவார். அழித்தால் தப்பு போனதாகாது, தப்பு எங்கே நடந்தது என்பதுதான் போகும் என்பார். ஓடைக்கும் பாறைக்கும் காணிக்காரர்கள் என்ன பேர் சொல்கிறார்களோ அதைக் கேட்டுத்தான் எழுதுவார். ஒரு காத தூரத்துக்குள் புத்தகத்தில் நாற்பது பெயர்கள் ஏறியதைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். எங்கள் ஊர்த் தெருக்களுக்குக்கூட அத்தனை பெயர் கிடையாது.

ஜண்டா கட்டுவதற்கும் முறை உண்டு. சுண்ணாம்பு, சாந்து எதுவும் கிடையாது. கல்லோடு கல் கடித்து நிற்க வேண்டும். அடி ஐந்தடி அகலம், உயரம் நான்கடி, மேலே போகப்போகக் குறுகும். வெளிச்சுவருக்கு மூலையும் முனையும் உள்ள கல் வேண்டும், உருண்டைக் கல் வழுக்கிவிடும். உள்ளே நிரப்ப எந்தக் கல்லானாலும் போதும். இடுப்பளவு உயரத்தில் முகப்பாக ஒரு நல்ல கல்லைப் பதித்து அதில் எண்ணைக் கொத்தித் தார் அடைப்போம். நாயர் வந்து தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். ஆடவில்லை என்றால் புத்தகத்தில் ஏற்றுவார். ஏறிவிட்டால் அது சர்க்கார் சொத்து. பக்கத்துக் குடிகளில் அறிவிப்பு வாசிப்பது மேஸ்திரியின் வேலை. ஜண்டாவிலிருந்து ஒரு கல்லை உருவினால் ஆறு மாதம் சிறை என்று சத்தமாக வாசிக்க வேண்டும். எனக்கு அந்த வேலையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஒளிப்பானேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். முப்பதுகளின் தொடக்கம், பங்குனி மாதம். கோடை மழை தொடங்குவதற்குள் ஒரு நீண்ட மேட்டின் வேலையை முடிக்க வேண்டும் என்று அவசரம். மேட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் கூடாரம், அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு காணிக்குடி. குடிக்குத் தலைவரை மூட்டுகாணி என்பார்கள். அங்கே மூட்டுகாணி மல்லன் காணி, ஐம்பது வயது இருக்கும், மெலிந்த உறுதியான ஆள். அவருடைய ஆட்கள்தான் எங்களுக்கு வழிவெட்டினார்கள், சுமை தூக்கினார்கள்.

நாற்பத்தேழாம் எண் ஜண்டா அந்த மேட்டின் நடுவில் வரவேண்டும். நாயரும் காணிக்காரர்களும் முன்னால் கோடு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னால் நாங்கள். மேடு முழுக்கப் புல், கல்லே இல்லை. வெளிச்சுவருக்கு வேண்டிய கல்லைச் சரிவில் இருந்து மேலே ஏற்றுவதற்குள் பாதிநாள் போய், ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. உள்ளே நிரப்ப இன்னும் அவ்வளவு வேண்டும். அப்போதுதான் புல்லுக்குள் அந்தக் கற்களைப் பார்த்தோம். எட்டு இருந்தன. வட்டமாக, பாதி புதைந்து, ஒவ்வொன்றும் ஒரு ஆள் சிரமப்பட்டுத் தூக்கும் கனம்.

தங்கையன் குனிந்து பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இது ஆரோ கொண்டு வச்ச கல்லு மாதிரி இருக்கே" என்றான்.

"இந்த மலையில ஆருலே வந்து கல்லு வைக்கப் போறான்? எடுலே" என்றேன் நான்.

அவை ஆற்றுக் கற்கள். தண்ணீரில் உருண்டு உருண்டு மழமழவென்று ஆன கற்கள். ஆறோ மேட்டுக்கு ஆயிரம் அடி கீழே ஓடுகிறது. சங்கிலியும் ஜண்டாவுமாகப் பத்து வருஷம் மலையில் கிடந்தவன் நான், ஆற்றுக் கல் மேட்டுக்கு எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. சுமை குறைந்தது என்ற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. ஏழு கல்லை உள்ளே போட்டு நிரப்பினோம். எட்டாவதில் ஒரு பக்கம் பலகைபோலத் தட்டையாக இருந்தது. அதை முகப்பில் பதித்து எண் கொத்தச் சொன்னேன். மறுநாள் நாயர் வந்து தோளால் தள்ளிப் பார்த்தார், ஆடவில்லை. "கொள்ளாம்" என்றார். பத்து வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அன்று சாயங்காலம் குடிக்குப் போய் அறிவிப்பை வழக்கத்தைவிடச் சத்தமாக வாசித்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஒரு காணிக்காரரும் வேலைக்கு வரவில்லை. நாயர் என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். குடியில் மல்லன் காணி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கோபமாக இருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"எனக்க அப்பனெ எங்க கொண்டு வச்சிய, மேஸ்திரி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை, லேசாகச் சிரித்துக்கூட விட்டேன். அவர் என்னை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பச்சைப் புல்லுக்கு நடுவில் எட்டு வெளுத்த குழிகள் இருந்தன. பிறகு சொன்னார். அவர்கள் குடியில் ஒருவர் இறந்தால், பிள்ளை ஆற்றில் இறங்கி ஒரு கல்லை எடுக்க வேண்டும். எடுத்த கல்லை வழியில் எங்கும் கீழே இறக்கி வைக்காமல் மேடு வரைக்கும் தனியாகச் சுமந்து வரவேண்டும். வந்து வைத்தால் இறந்தவர் அங்கே இருப்பார். மீன மாதத்தில், அதாவது பங்குனியில், கொடுதி என்கிற படையல் நாளன்று அந்தக் கல்லுக்குச் சோறு படைப்பார்கள். கொடுதிக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. புல்லைச் செதுக்க வந்தபோதுதான் இடம் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

"கல்லு இல்லேன்னா மூத்தவிய எங்க வந்து உண்ணுவாவ? அவிய இல்லாத்த எடத்துல எங்களுக்கும் இருப்பு இல்ல. நாங்க அங்கிட்டுப் போயிருவோம்" என்று கிழக்கே, திருநெல்வேலிச் சரிவைக் காட்டினார்.

நான் கீழே ஆற்றை எட்டிப் பார்த்தேன். ஆயிரம் அடி செங்குத்து ஏற்றம், இறக்கி வைக்காமல், ஒரே ஆள். எங்கள் ஆட்கள் பத்துத் தப்படிக்கு ஒருமுறை இறக்கி வைத்து வைதுகொண்டே தூக்கிய கனம் அது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சுமந்து வந்ததை ஒரு மத்தியானத்தில் எடுத்து ஓட்டையில் திணித்துவிட்டேன். கைபடாத மலை என்று தொப்பியைக் கழற்றினேனே, அந்த மலையில் எட்டு மனிதர்கள் கண்முன்னே இருந்தார்கள், எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் புரிந்த பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். கூடாரத்துக்கு வந்து, குடியில் காய்ச்சல் என்று நாயரிடம் பொய் சொன்னேன். எண் ஏறிய ஜண்டாவைப் பிரிக்கத் திருவனந்தபுரத்திலிருந்து எழுத்து உத்தரவு வேண்டும், அது வர மாதக்கணக்காகும். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், கல்லும் வெளியே வராது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கட்டின பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் நாயர் பெட்டியைத் திறந்து கொய்னா மாத்திரைக் குப்பியை எடுத்தார், கோட்டை மாட்டினார், குடைக்கம்பை ஊன்றிக்கொண்டு குடிக்குக் கிளம்பிவிட்டார். காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கொடுக்க வேண்டாமா? குப்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன் நான்தான். அந்தக் கூப்பிடு தூரத்தைப்போல வேறெந்த வழியும் எனக்கு நீண்டதில்லை.

குடியில் ஒருவரும் இல்லை. எல்லாரும் மேட்டில் இருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து இருபது பேர் நாற்பத்தேழாம் ஜண்டாவைச் சுற்றி, ஒரு கைத்தூரம் விலகி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் விரல்கூட அதன்மேல் படவில்லை. வாழையிலையில் பொதிந்த சோறு பக்கத்தில் இருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மல்லன் காணி எழுந்து கைகூப்பினார்.

"ஏமானே, எங்க மூத்தவிய எட்டுப் பேரு இதுக்குள்ள இருக்காவ. தொட்டா ஜெயிலுன்னு மேஸ்திரி வாசிச்சாவ, அதனால நாங்க தொடல்ல. ஏமான்தான் எடுத்துத் தரணும்."

நாயர் குழிகளைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காய்ச்சலையும் சேர்த்து. அவர் காணிக்காரர்களிடம் ஓடைத் தண்ணீர்க் குடுவையை வாங்கிக் கையைக் கழுவினார், துடைத்தார், கோட்டுப் பையிலிருந்த புத்தகத்தை எடுத்துத் திறந்தார். நாற்பத்தேழு என்று எழுதியிருந்த வரியின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். பிறகு செய்தது நான் கேள்விப்பட்டிராத காரியம். பென்சிலை என்னிடம் நீட்டினார். சங்கிலிக்காரனோ மேஸ்திரியோ அந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூடக் கிடையாது.

"கல்லெடுத்தது நீ அறியாத பிழ. காய்ச்சல்னு சொன்னது அறிஞ்ஞ பிழ. ரெண்டையும் நீ தன்னே எழுது" என்றார்.

எழுதினேன். தூறலில் காகிதம் நனைந்தது, என் கண்ணும் நனைந்திருந்தது. நான் எழுதி முடித்ததும் அதற்குக் கீழே, இது என் மேற்பார்வையில் நடந்தது, ஜண்டாவை நானே பிரிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். நான் உதவிக்குக் குனிந்தேன். வேண்டாம், கேஸ் என்று வந்தால் ஒரு கைதான் இருக்க வேண்டும் என்று தடுத்துவிட்டார். சத்தமில்லாத அந்த ஒல்லி மனிதர் ஒவ்வொரு கல்லாக எடுத்து இறக்கினார். மூச்சு வாங்கியது, விரலில் ரத்தம் வந்தது.

முதல் ஆற்றுக் கல் வெளியே வந்தது. எனக்கு எட்டுக் கல்லும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் அது வெளியே தெரிந்ததுமே ஒரு கிழவி எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நாயர் பேர் கேட்டார். அவள் தன் தகப்பன் பேரைச் சொன்னாள். அளவும் கோணமும் மட்டும் எழுதுகிற புத்தகத்தில் அந்தப் பேரை எழுதினார். அடுத்த கல்லுக்கு ஒருவர் எழுந்தார், அதற்கடுத்ததற்கு இன்னொருவர். ஒருவருக்கும் ஒரு கல்லும் மாறவில்லை. ஏழு பேர் எழுந்து வந்து, ஏழு பேரை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு போய் அவரவர் குழியில் வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று எனக்கு வந்த பிரமிப்பு மலையைப் பார்த்து வந்ததைவிடப் பெரியது.

"எட்டாமத்தது?" என்று நாயர் கேட்டார்.

மல்லன் காணி விரலால் காட்டினார். முகப்புக் கல். இவ்வளவு நேரமும் அவர் அதன் நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் இறந்த அவருடைய அப்பாவின் கல் அது, அவரே சுமந்து வந்தது. அதன் முகத்தில் நாற்பத்தேழு என்று கொத்தித் தார் அடைத்திருந்தது. நாயர் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் தலைகுனிந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மல்லன் காணி தாமே வந்து கல்லை வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் எழுத்தைத் தடவி, என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். வேறு கல் எடுத்து வரலாமா, நான் சுமந்து தருகிறேன் என்று கெஞ்சினேன். உன் அப்பன் இல்லையே என்றார், அவ்வளவுதான். கல்லைக் குழியில் வைத்தார். எழுத்து மண்ணுக்குள் போகும்படி கவிழ்த்து வைப்பார் என்று நினைத்தேன். அவர் எண் இருந்த பக்கத்தை வானத்தைப் பார்க்க வைத்தார்.

"மழ பெய்யட்டும். அது அழிச்சோளும். எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு சோற்றுப்பொதியை அவிழ்த்தார்.

அவர்கள் மலையை விட்டுப் போகவில்லை. ஜண்டாவைச் சரிவிலிருந்து ஏற்றிய கல்லாலேயே நாற்பது தப்படி தள்ளிக் கட்டினோம். உள்ளே நிரப்பிய கல்லில் பாதியை நானே சுமந்தேன். நாயர் தோளால் தள்ளிப் பார்த்தார், புத்தகத்தில் ஏற்றினார். பிறகு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு நாயருக்குக் கடிதம் வந்தது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு பிந்தியது. என் வேலைக்கு ஆபத்து வரவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை, நானும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும், இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

முப்பதுகள் முடிகிற சமயத்தில் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது தனியாக மேட்டில் ஏறினேன். மல்லன் காணி இருந்தார், தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கூட்டிப்போனார். தார் போயிருந்தது. என் கையைப் பிடித்துக் கட்டைவிரலைக் கல்லின்மேல் வைத்தார். எழுத்து அப்படியே இருந்தது. மன்னிக்க வேண்டும் என்று அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

"இது மாயுத அன்னைக்கு ஒங்க ஆளு ஒருத்தன் இங்க வந்து நிக்கணும், மேஸ்திரி. அது போதும்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். அந்த எண் என்றைக்கு அழிந்து மாயும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நூறு வருஷம் நிற்க வேண்டும், ஆழமாக அடிலே என்று தங்கையனிடம் சொல்லிப் பக்கத்தில் நின்று கொத்த வைத்தவன் நான்.